உயிரணுப் பரப்பு ஏற்பிகளும் மார்பகப் புற்றுநோய்க்கான இலக்குச் சிகிச்சையும் – வரலாறு

உயிரணுப் பரப்பு ஏற்பிகள் என்பவை உயிரணுவின் மென்சவ்வில் பதிந்திருந்து, வெளியிலிருந்து வரும் வேதிச் செய்திகளைப் பெற்று உள்ளே அனுப்பும் புரதங்கள் ஆகும். வளர், பிரி, நில், மடி என்னும் கட்டளைகள் பலவும் இவற்றின் வழியாகவே உயிரணுவுக்குள் செல்கின்றன. மார்பகப் புற்றுநோய்களுள் ஒரு பகுதியில், ஹெர்2 என்னும் பரப்பு ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகி, வளர்ச்சிக் கட்டளையை ஓயாமல் அனுப்புகிறது. அந்த ஏற்பியை மட்டும் குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998 ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. அதற்கு முன்னரே, உயிரணுவின் உள்ளே இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் டமாக்சிஃபென் வழக்குக்கு வந்திருந்தது. நோயாளியின் கட்டியில் எந்த ஏற்பி உள்ளது என்று அறிந்து, அதற்கேற்ற மருந்தைத் தருவதே இலக்குச் சிகிச்சை எனப்படுகிறது. இதன் வரலாற்றில் இந்தியாவுக்கு இரண்டு இடங்களில் நேரடித் தொடர்பு உண்டு. ஒன்று ஆய்வுக்கூடத்தில், மற்றொன்று மருந்தின் விலையில்.

ஏற்பி என்னும் கருத்து

ஏற்பி என்ற எண்ணம் முதலில் ஊகமாகவே பிறந்தது. செருமானிய மருத்துவ அறிஞர் பால் எர்லிக், உயிரணுக்களின் மீது பக்கக் கிளைகள் போன்ற அமைப்புகள் உள்ளன என்றும், நச்சுப்பொருள்கள் அவற்றில் பொருந்துவதாலேயே விளைவை உண்டாக்குகின்றன என்றும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளக்கினார். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவது போன்றது இது. நோயை மட்டும் தாக்கி, உடலை விட்டுவிடும் மருந்து கிடைக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. அவருக்கு 1908 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. 1905 ஆம் ஆண்டு ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஜான் லாங்லி, தசைகளில் மருந்தை ஏற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் எனத் தனியே முடிவு செய்தார். ஆனால் ஓர் ஏற்பியை ஆய்வுக்கூடத்தில் உறுதியாக இனங்காண மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

பீட்சனின் அறுவை

மார்பகப் புற்றுநோய்க்கும் சூலகத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை முதலில் காட்டியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன். முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணின் சூலகங்களை அவர் நீக்கினார். கட்டி சுருங்கியது. இதனை 1896 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரோ, இயக்குநீர் என்ற சொல்லோ அப்போது இல்லை.

இம்முறையைப் பின்பற்றிய மருத்துவர்கள் ஒரு புதிரை எதிர்கொண்டனர். சூலகம் நீக்கப்பட்ட பெண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே பயன் கிடைத்தது. மற்றவர்கள் அறுவையின் துன்பத்தை மட்டும் அனுபவித்தனர். யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்று முன்கூட்டியே சொல்ல வழி இல்லை. இந்த வினாவே பின்னர் நடந்த ஏற்பி ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படை ஆயிற்று.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் டமாக்சிஃபெனும்

1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதனைப் பிடித்து வைத்துக்கொண்டன. அவ்வாறு பிடித்து வைக்கும் புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. மார்பகக் கட்டிகள் சிலவற்றில் இந்த ஏற்பி மிகுதியாகவும் சிலவற்றில் இல்லாமலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. ஏற்பி உள்ள கட்டிகளே இயக்குநீர்ச் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டன. பீட்சன் காலத்துப் புதிருக்கு விடை கிடைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உயிரணுவின் பரப்பில் இருப்பதன்று. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறாதலால் மென்சவ்வைத் தாண்டி உள்ளே சென்றுவிடும். அதன் ஏற்பி பெரும்பாலும் உட்கருவில் உள்ளது. வளர்ச்சிக் காரணிகள் போன்ற பெரிய புரதங்களால் அவ்வாறு உள்ளே நுழைய முடியாது. அவை வாசலில் நின்றுதான் செய்தியைச் சொல்ல வேண்டும். அந்த வாசற்காவலர்களே பரப்பு ஏற்பிகள்.

டமாக்சிஃபென் முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டதன்று. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1960களின் தொடக்கத்தில் இதனைத் தொகுத்தார். கருத்தடை மருந்தாக அது தோல்வியுற்றது. ஆனால் மான்செஸ்டர் நகரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோல் குழுவினர் முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 46 பெண்களுக்கு இதனைக் கொடுத்துப் பார்த்தபோது 10 பேருக்குக் கட்டி கட்டுப்பட்டது. இம்முடிவு 1971 ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரித்தானியாவில் 1973 ஆம் ஆண்டும், அமெரிக்காவில் 1977 ஆம் ஆண்டும் மருந்து ஒப்புதல் பெற்றது. அறுவைக்குப் பின் ஐந்தாண்டுகள் உட்கொண்டால், ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள பெண்களின் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பெற்ற முடிவு. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், இன்று இது எளிய குடும்பங்களும் வாங்கக்கூடிய மாத்திரையாக உள்ளது.

எலியின் கட்டியில் கிடைத்த புரதம்

பரப்பு ஏற்பிகளின் கதை வேறு வழியாக வந்தது. அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோகன் மேற்றோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்து, அதன் ஏற்பியையும் ஆராய்ந்தார். அவருக்கும் இத்தாலிய அறிஞர் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் 1986 ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. கோழிகளில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு தீநுண்மியின் மரபணு, இந்த ஏற்பியின் சிதைந்த வடிவமே என்பது 1984 ஆம் ஆண்டு தெரியவந்தது. செய்தி வராமலேயே செய்தி வந்ததாகக் கூவிக்கொண்டிருக்கும் ஏற்பி புற்றுநோயை உண்டாக்கும் என்ற கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது.

இதற்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராபர்ட் வெயின்பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் லட்சுமி சரண் பாடி என்ற இந்திய அறிஞர் பணியாற்றினார். எலிகளின் நரம்பு மண்டலக் கட்டியிலிருந்து எடுத்த மரபுப்பொருளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் இயல்பான உயிரணுக்களுக்குள் செலுத்தினர். அவை புற்றுநோய் உயிரணுக்களாக மாறின. அவற்றைச் சுண்டெலிகளில் வளர்த்தபோது, சுண்டெலிகளின் குருதி நீரில் ஒரு புதிய புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் உண்டாயின. 1,85,000 மூலக்கூற்று எடை கொண்ட அந்தப் புரதத்தைப் பற்றிய கட்டுரை, பாடியை முதல் ஆசிரியராகக் கொண்டு 1982 ஆம் ஆண்டு செல் இதழில் வெளிவந்தது. அதற்குரிய மரபணு பின்னர் நியூ எனப் பெயர் பெற்றது. பாடி இந்தியா திரும்பி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று வியப்பளிக்கும். உயிரணுவின் வெளிப்பரப்பில் தெரியும் ஒரு புற்றுநோய்ப் புரதமும், அதில் சென்று ஒட்டும் பிறபொருளெதிரியும் ஒரே நேரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தன. மருந்துக்கு வேண்டிய இரண்டும் கையில் இருந்தும், அதனை மருந்தாக்கும் முயற்சி உடனே தொடங்கவில்லை. அதே மரபணுவை ஆராய்ந்த ஜெஃப்ரி டிரெபின், மார்க் கிரீன் ஆகியோர், பிறபொருளெதிரியைச் சேர்த்தால் புற்றுநோய் உயிரணுக்கள் அடங்குகின்றன என்று 1985 ஆம் ஆண்டு காட்டினர். அப்போதும் அது மனிதரின் எந்தப் புற்றுநோய்க்கு உதவும் என்று எவருக்கும் தெரியாது.

ஹெர்2

அதே 1985 ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் ஜெனென்டெக் நிறுவனத்தில் ஆக்செல் உல்ரிச் குழுவினர் மனிதரில் உள்ள இதே மரபணுவைப் பிரித்தெடுத்தனர். மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பியைப் பெரிதும் ஒத்திருந்ததால், மனித மேற்றோல் வளர்ச்சிக் காரணி ஏற்பி 2 என்ற பொருளில் ஹெர்2 எனப் பெயரிட்டனர். வேறு குழுக்கள் தனியே கண்டறிந்து வேறு பெயர் வைத்திருந்தன. நியூ, ஹெர்2, ஏர்ப்-பி2 ஆகிய மூன்றும் ஒன்றே. இம்மரபணு மனிதரின் 17 ஆவது நிறப்புரியில் உள்ளது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன், அறுவையில் நீக்கப்பட்ட கட்டிகளைச் சேமித்து வைத்திருந்தார். உல்ரிச் தந்த மரபணுவைக் கொண்டு அவர் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார். 30 விழுக்காட்டுக் கட்டிகளில் ஹெர்2 மரபணு பல படிகளாகப் பெருகியிருந்தது. அத்தகைய கட்டி கொண்ட பெண்களுக்கு நோய் விரைவில் திரும்பியது, வாழ்நாளும் குறைந்தது. 1987 ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, இவ்வகை ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டு மார்பகப் புற்றுநோய்களில் காணப்படுகிறது.

ஹெர்2 செயற்படும் முறை தனித்தன்மை உடையது. ஹெர் குடும்பத்தில் நான்கு ஏற்பிகள் உள்ளன. மற்ற ஏற்பிகளில் வளர்ச்சிக் காரணி வந்து பொருந்திய பிறகே அவை இரண்டிரண்டாக இணைந்து செய்தியை உள்ளே அனுப்பும். ஹெர்2 ஏற்பிக்கென்று தனிக் காரணி எதுவும் அறியப்படவில்லை. அது எப்போதும் இணைவதற்கு ஆயத்தமான நிலையிலேயே இருக்கிறது. எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை கேடில்லை. மரபணு பெருகி ஏற்பிகள் பன்மடங்கானால், அவை தமக்குள்ளேயே இணைந்து வளர்ச்சிக் கட்டளையை இடைவிடாது அனுப்பத் தொடங்குகின்றன.

டிராஸ்டுசுமாப்

ஒரே வகைப் பிறபொருளெதிரியை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் 1975 ஆம் ஆண்டு கண்டறிந்திருந்தனர். அம்முறையில் ஜெனென்டெக் அறிஞர்கள் ஹெர்2 ஏற்பிக்கு எதிரான சுண்டெலிப் பிறபொருளெதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். சுண்டெலிப் புரதத்தை மனித உடல் அயலாகக் கருதி எதிர்க்கும். ஆகவே ஏற்பியைப் பற்றும் நுனிப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றப் பகுதிகளை மனிதப் புரதமாக மாற்றியமைத்தனர். பால் கார்ட்டர் குழுவினர் செய்த இப்பணி 1992 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இதுவே டிராஸ்டுசுமாப், வணிகப் பெயர் ஹெர்செப்டின்.

ஹெர்2 மிகுந்த, பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் கொண்ட 469 பெண்களிடம் முதன்மைச் சோதனை நடந்தது. வேதிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நோய் முன்னேற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 4.6 மாதங்கள், டிராஸ்டுசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 7.4 மாதங்கள். வாழ்நாள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாக நீண்டது. 1998 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில் மருந்து ஒப்புதல் பெற்றது. அதே நாளில், கட்டியில் ஹெர்2 உள்ளதா என்று காட்டும் சோதனைக் கருவித் தொகுப்பும் ஒப்புதல் பெற்றது. சோதனையும் மருந்தும் இணைந்தே செல்ல வேண்டும் என்ற நெறி அன்று நிலைபெற்றது.

மருந்துக்கு ஒரு குறையும் இருந்தது. ஆந்திரசைக்ளின் வகை வேதி மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது, நான்கில் ஒருவருக்கும் மேலாக இதயம் தளர்ந்தது. அதனால் இன்று இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்க்கின்றனர். எதிரொலிச் சோதனை மூலம் இதயத்தைக் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொள்கின்றனர்.

2005 ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வுகள் இன்னும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தன. நோய் பரவுவதற்கு முன், அறுவையை ஒட்டி ஓராண்டு டிராஸ்டுசுமாப் கொடுத்தபோது நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சில மாதங்களை நீட்டித்த மருந்து, பல பெண்களை முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தாயிற்று. மிகக் கொடியது என அஞ்சப்பட்ட வகையே, நன்கு கட்டுப்படும் வகைகளுள் ஒன்றாக மாறியது. உல்ரிச், ஸ்லாமன், ஜெனென்டெக்கின் மைக்கேல் ஷெப்பர்ட் ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இந்தியாவும் மருந்தின் விலையும்

தமிழ்நாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வித்திட்டவர் புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1954 ஆம் ஆண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அவருடைய மகன் சு. கிருஷ்ணமூர்த்தியும், 1955 ஆம் ஆண்டு பணியில் சேர்ந்த வி. சாந்தாவும் அதனை வளர்த்தனர். முற்றிய நிலையில் வரும் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன்பே வேதிச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் அளிக்கும் முறையில் இந்நிலையம் நீண்ட அனுபவம் பெற்றது. ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தரமான சிகிச்சை என்பது சாந்தா இறுதிவரை காத்த கொள்கை. அவர் 2021 சனவரி 19 அன்று மறைந்தார்.

இக்கொள்கைக்குப் பெரிய சோதனையாக வந்தவை இலக்கு மருந்துகளே. இந்தியாவில் டிராஸ்டுசுமாப் 440 மில்லிகிராம் புட்டி ஒன்றின் விலை ஒரு காலத்தில் ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறையென ஓராண்டு செலுத்தினால், நடுத்தரக் குடும்பம்கூட வீட்டை விற்க நேரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2008 ஆம் ஆண்டு பதிவான நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஹெர்2 மிகுந்தவர்களுள் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே இம்மருந்தைப் பெற்றிருந்தனர். சோதனை நோயைச் சொன்னது. மருந்து கைக்கு எட்டவில்லை.

2012 ஆம் ஆண்டு மகளிர் அமைப்புகளும் நோயாளர் இயக்கங்களும் விலையைக் குறைக்கக் கோரிப் பிரதமருக்குத் திறந்த மடல் எழுதின. காப்புரிமைக்கு உட்பட்ட மருந்தைப் பிறர் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் பற்றி அரசு 2013 ஆம் ஆண்டு ஆராய்ந்தது. ரோச் நிறுவனம் இதற்கிடையே ஹெர்க்ளான் என்ற பெயரில் விலை குறைந்த வடிவத்தை விற்கத் தொடங்கியிருந்தது. 2013 ஆகத்தில் அந்நிறுவனம் இந்தியக் காப்புரிமையைத் தொடராமல் விட்டது.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பெங்களூரு பயோகான் நிறுவனம், மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஒப்புயிர் மருந்தைக் கேன்மாப் என்ற பெயரில் வெளியிட்டது. அதன் அறிவிக்கப்பட்ட விலை 440 மில்லிகிராமுக்கு சுமார் 57,500 ரூபாய். ரோச் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடி வழக்காடியபோதும், வேறு இந்திய நிறுவனங்களும் தயாரிப்பில் இறங்கின. விலை மேலும் சரிந்தது. 2015 ஆம் ஆண்டு உலக நலவாழ்வு அமைப்பு டிராஸ்டுசுமாபை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பயோகான்–மைலான் தயாரிப்பே 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் டிராஸ்டுசுமாப் ஒப்புயிர் மருந்தாயிற்று.

மருந்துக் காலத்தைக் குறைப்பது மற்றொரு வழி. பிரித்தானியாவில் 4,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2019 ஆம் ஆண்டு வெளிவந்த பெர்செஃபனி ஆய்வு, ஆறு மாதச் சிகிச்சை ஓராண்டுச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. இதயப் பாதிப்பும் குறைந்தது. ஓராண்டே பல நாடுகளில் இன்றும் பொது வழக்கம். எனினும் பணம் தீர்ந்து பாதியில் நிறுத்த நேரும் இடங்களில் இம்முடிவு மருத்துவருக்கும் நோயாளிக்கும் ஆறுதல் தருவது.

அடுத்த தலைமுறை மருந்துகள்

2007 ஆம் ஆண்டு லப்பாட்டினிப் மாத்திரையும், 2012 ஆம் ஆண்டு பெர்டுசுமாபும் ஒப்புதல் பெற்றன. பெர்டுசுமாப் ஹெர்2 ஏற்பியில் வேறோர் இடத்தைப் பற்றி, அது பிற ஏற்பிகளுடன் இணைவதைத் தடுக்கிறது. பின்னர் பிறபொருளெதிரியோடு நச்சு மருந்தைப் பிணைத்து அனுப்பும் முறை வந்தது. ஏற்பியே அந்நச்சை உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்கிறது. டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் இவ்வகையைச் சேர்ந்தது. ஹெர்2 குறைந்த அளவே உள்ள கட்டிகளுக்கும் இது பயன்படும் என்பது 2022 ஆம் ஆண்டு தெரியவந்தது. இந்திய அரசு 2024 சூலை வரவு செலவுத் திட்டத்தில் இதற்கான சுங்கவரியை முழுமையாக நீக்கியது. எனினும் விலை இன்னும் மிக உயர்ந்ததே.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிகள் மும்மை எதிர்மறை வகை எனப்படும். இவ்வகை மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களிடம் மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. மேற்கூறிய மருந்துகளுள் பெரும்பாலானவை இவர்களுக்குப் பயன்படா. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் அண்மையில் இவர்களுக்கு ஓரளவு வழி திறந்துள்ளன.

இராமநாதபுரம் மாவட்டமும் ஏற்பிச் சோதனையும்

அபிராமம், கமுதி, முதுகுளத்தூர் போன்ற உள்ளூர்களிலிருந்தும் இராமேசுவரம் கடற்கரை ஊர்களிலிருந்தும் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மதுரைக்கோ சென்னைக்கோ செல்வது நெடுநாள் வழக்கம். மாவட்டத்துக்கென அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12 அன்று திறந்து வைக்கப்பட்டது. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்யும் திட்டம் 2012 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது.

இலக்குச் சிகிச்சையின் பயன், நோயாளி பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் முன்னரே, கட்டியிலிருந்து திசு எடுக்கப்படும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. எடுத்த திசுவைத் தாமதமின்றி ஃபார்மலினில் இட வேண்டும். அது அக்கரைசலில் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். வெறும் உப்பு நீரில் போட்டு அனுப்பினாலோ, பல நாள்கள் கிடப்பில் விட்டாலோ, இருக்கும் ஏற்பி இல்லாதது போலக் காட்டக்கூடும். அவ்வாறானால் ஒரு பெண் தனக்குரிய மருந்தையே இழப்பார்.

ஹெர்2 சோதனை முடிவு 0, 1+, 2+, 3+ எனக் குறிக்கப்படும். 3+ என்பது உறுதியான மிகுதி. 2+ என்பது ஐயத்துக்கு இடமானது. அதனை மரபணுவை நேரடியாக எண்ணும் ஃபிஷ் சோதனையால் தெளிவுபடுத்த வேண்டும். செலவைக் கருதி இச்சோதனையைக் கைவிடுவது சரியன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கு, 100 உட்கருக்களில் ஒன்றில் காணப்பட்டாலும் அது உள்ளதாகவே கொள்ளப்படும். திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டையையும் சோதனை அறிக்கையையும் நோயாளியின் குடும்பத்தார் கேட்டுப் பெற்றுக் காத்து வைப்பது நன்று. மருத்துவமனை மாறினாலும், ஆண்டுகள் கழித்துப் புதிய மருந்து வந்தாலும், அந்தச் சிறு கட்டையை மீண்டும் சோதிக்க முடியும். ஸ்லாமன் 1987 ஆம் ஆண்டு ஹெர்2 ஏற்பியின் முக்கியத்துவத்தைக் கண்டறிந்ததும் அவ்வாறு காத்து வைக்கப்பட்ட கட்டிகளிலிருந்தே ஆகும்.